செப்டம்பர், அக்டோபரில் இலங்கை: எந்தப் பக்கம், எந்த நேரம்?

காலாண்டு விடுமுறைக்கோ, சரஸ்வதி பூசையை ஒட்டி வரும் தொடர் விடுமுறைக்கோ இலங்கை போய்வர நினைக்கிறீர்கள். தேதி பார்த்தாயிற்று, டிக்கெட் விலையும் பார்த்தாயிற்று. அப்போதுதான் ஒருவர் சொல்வார்: "அங்கே இப்போது மழைக்காலம் ஆயிற்றே!" இன்னொருவரோ, "செப்டம்பரில் அங்கே வெயில் காய்கிறது, தாராளமாகப் போங்கள்" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் காலிக்குப் போய்வந்தவர், மற்றவர் திருகோணமலைக்குப் போய்வந்தவர்.

ஆகவே "இலங்கையில் மழையா?" என்று மட்டும் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்தப் பக்கம் மழை, நாளில் எந்த நேரத்தில் மழை என்று கேளுங்கள். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் இந்த மாதங்களில் நிம்மதியாகப் போய்வரலாம்.

அங்கே இலையுதிர்காலம் உண்டா?

கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 6 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும் தீவு அது. கொழும்பில் ஜனவரியிலும் பகலில் 30 டிகிரி செல்சியஸ் அளவு, செப்டம்பரிலும் அதே அளவு. அங்கே வெப்பம் கூடுவதும் குறைவதும் மாதத்தால் இல்லை, இடத்தின் உயரத்தால். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கொழும்பில் வியர்த்துக் கொட்டிய அதே நாளில், இரவு அங்கே போய் இறங்கினால் ஸ்வெட்டர் தேவைப்படும்.

மாதத்துக்கு மாதம் மாறுவது காற்றின் திசைதான். இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் (நம் ஊர் வானிலை ஆய்வு மையம் போன்ற அரசுத் துறை) ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம் (இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவே வரும் காலம்). மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். அக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவம்.

இதில் செப்டம்பர் ஒரு பருவத்தின் கடைசி மாதம். அக்டோபர் அடுத்த பருவத்தின் முதல் மாதம். காலண்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் பயணிக்கு இவை இரண்டும் வேறு வேறு மாதங்கள். செப்டம்பர் 25க்குப் போட்ட திட்டத்தை அப்படியே அக்டோபர் 20க்குத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரே நாளில் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வெயில், எப்படி?

ஜூன், ஜூலையில் கேரளத்தில் கொட்டும் மழை தேனி தாண்டி நம் பக்கம் வருவதில்லை அல்லவா? மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்துவிடுகிறது. இலங்கையின் நடுவில் இருக்கும் மலைநாடும் அதே வேலையைத்தான் செய்கிறது. தென்மேற்கிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து, கொழும்பு, காலி, இரத்தினபுரி, ஹட்டன் பக்கம் மழையைக் கொட்டிவிடும். மறுபக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாகத்தான் இறங்கும். திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்குடா, யாழ்ப்பாணம் எல்லாம் அப்போது வறண்டு கிடக்கும்.

செப்டம்பரில் என்ன நடக்கும்?

தென்மேற்குக் காற்று மெல்ல வலு இழக்கும். மேற்கிலும் தெற்கிலும் விட்டுவிட்டு மழை பெய்யும். கிழக்கும் வடக்கும் காய்ந்தே இருக்கும். செப்டம்பரில் போகிறவர்கள் கிழக்கே திரும்புங்கள் என்று சொல்லக் காரணம் இதுதான்.

அக்டோபரில் மழை குறைந்துவிடாதா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். தென்மேற்குப் பருவம் முடிந்துவிட்டது, வடகிழக்கு இன்னும் தொடங்கவில்லை, ஆகவே நடுவில் வெயில் அடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. கொழும்பில் செப்டம்பரின் சராசரி மழை ஏறத்தாழ 240 மில்லிமீட்டர். அக்டோபரில் அது 360ஐத் தொடும், நவம்பரில் 400ஐத் தாண்டும்.

காரணம் எளிது. அக்டோபரில் பெருங்காற்று ஓய்ந்துவிடுகிறது. காலை வெயிலில் நிலம் சூடாக, ஈரக்காற்று மேலே எழுந்து மேகமாகத் திரளும், மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். அந்த ஈரத்தை எந்தக் காற்றும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவதில்லை. அதனால் தீவின் எந்த மூலையிலும் மழை வரலாம். மாதத்தின் பிற்பாதியில் வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவானால் நாள் முழுவதும் அடைமழைகூட வரும். எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) உள்ள ஆண்டுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை இன்னும் கூடுவது வழக்கம்.

அப்படியானால் அக்டோபரில் போகவே கூடாதா?

போகலாம். திட்டம் போடும் முறையைத்தான் மாற்ற வேண்டும். செப்டம்பரில் பக்கத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள், அக்டோபரில் நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

அக்டோபரின் சாதாரண நாள் ஒன்று மலைநாட்டுப் பண்டாரவளையில் இப்படிப் போகும். விடியும்போது மலை விளிம்புகூடத் தெளிவாகத் தெரியும். ஒன்பது மணிக்குத் தோளில் வெயில் உறைக்கும். பதினொன்றுக்குப் பள்ளத்தாக்கிலிருந்து வெண்மேகம் ஏறி வரும். மதியச் சாப்பாடு முடிவதற்குள் எதிர்மலை மறைந்துவிடும். இரண்டு மணியளவில் முதல் இடி. நான்கு மணிக்குச் சாலையோரம் செந்நிறத் தண்ணீர் ஓடும். இரவுக்குள் வானம் வெளுத்துவிடும்.

இந்த ஒழுங்கோடு ஒத்துப்போனால் உங்கள் நாள் வீணாகாது. இலங்கையில் ஆறு மணியளவில் விடிந்துவிடும். ஆறரைக்குக் கிளம்பினால் மதியத்துக்கு முன் ஐந்தாறு மணி நேரம் கையில் இருக்கும். நடை, மலையேற்றம், கோயில் எல்லாவற்றையும் அதற்குள் முடியுங்கள். மதியத்துக்கு மேல் அருங்காட்சியகம், தேயிலைத் தொழிற்சாலை, கடைவீதி என்று கூரைக்குக் கீழே இருங்கள். காலையில் ஓட்டலிலேயே படுத்துக் கிடந்துவிட்டு மூன்று மணிக்கு மலையேறக் கிளம்பினால் நனைந்துதான் திரும்புவீர்கள்.

கடலில் குளிக்க எங்கே போவது?

செப்டம்பர் என்றால் கிழக்கு. திருகோணமலைக்கு அருகே உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளியிலிருந்து படகில் புறாமலைத் தீவுக்குப் போய்ப் பவளப்பாறைகளையும் மீன்களையும் பார்க்கலாம். பாறையை மிதிக்காதீர்கள், ஒரு துண்டைக்கூட ஒடித்து எடுக்காதீர்கள். ஊருக்குள் கோணேசர் கோயில், சற்றுத் தள்ளிக் கன்னியா வெந்நீரூற்று. பொத்துவிலுக்கு அருகே உள்ள அறுகம்குடாவில் அலைச்சறுக்கு (பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் விளையாட்டு) செப்டம்பரிலும் மும்முரமாக நடக்கும். அக்டோபர் முதல் வாரம் வரை கிழக்கை நம்பலாம். அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் நம்பிக்கை குறையும். திருகோணமலைக்கு அதிக மழை தருவது நவம்பரும் டிசம்பரும்.

ஹிக்கடுவை, உணவட்டுன, மிரிஸ்ஸ போன்ற தென்மேற்குக் கடற்கரைகள் செப்டம்பரில் கொந்தளிப்பாக இருக்கும். அறை வாடகை குறைவு என்று அங்கே போய்விட்டு, பிள்ளைகளைத் தண்ணீரில் விடாதீர்கள். மேலே அலை சிறியதாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரும் வேண்டாம். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் காலமும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். ஆனால் காலிக் கோட்டையை மழை விட்ட நேரத்தில் சுற்றிப் பார்ப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

யாழ்ப்பாணம் எப்படி இருக்கும்?

செப்டம்பரில் நல்ல வெயில். சோளகக் காற்று (தென்மேற்கிலிருந்து வீசும் காற்று) இருப்பதால் புழுக்கம் சற்றுத் தணிந்திருக்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா ஆவணி அமாவாசையை ஒட்டி முடியும். அந்த ஆண்டுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருவிழா நாளில் போனால் அறைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகளில் ஏறச் செப்டம்பர் ஏற்ற காலம். மழைக்காலம் நெருங்க நெருங்கக் கடல் முரண்டு பிடிக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போகலாமா?

கப்பல் ஓடும் நாட்களில் போகலாம். ஆனால் அதை நம்பித் திரும்பும் தேதியை இறுக்கமாகப் போடாதீர்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கி, நெருங்கிவந்த வடகிழக்குப் பருவத்தைக் காரணம் காட்டி அதே மாதத்தில் நிறுத்தப்பட்டது. மீண்டும் 2024 ஆகஸ்டில்தான் ஓடியது. செப்டம்பரில் கிடைக்கும் கப்பல் அக்டோபர் நடுவில் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. திங்கட்கிழமை அலுவலகமோ பள்ளியோ இருந்தால் திரும்புவதற்கு விமானம்தான் பாதுகாப்பு.

யானை பார்க்க எப்போது போவது?

இதற்குச் செப்டம்பர் அருமையான மாதம். வறட்சியில் மின்னேரியா குளத்தின் நீர் உள்வாங்க, அந்த ஈரத்தரையில் இளம்புல் முளைக்கும். புல்லும் தண்ணீரும் தேடிச் சுற்றுக்காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடும். மாலை நாலரை மணிக்கு ஜீப்பை நிறுத்திப் பொறுமையாக ஒரு யானையை மட்டும் கவனியுங்கள். தும்பிக்கையால் புல்லைச் சுற்றிப் பிடிக்கும், முன்காலால் வேரோடு தட்டி எடுக்கும், மண் உதிரக் காலில் இரண்டு அடி அடிக்கும், அப்புறம்தான் வாய்க்குக் கொண்டுபோகும். குட்டி அதன் வயிற்றுக்கடியில் நின்று அதையே செய்து பார்க்கும்.

குளத்தில் தண்ணீர் கூடுதலாக நிற்கும் ஆண்டுகளில் யானைகள் பக்கத்திலுள்ள கவுடுல்லைக்கு நகர்ந்துவிடும். ஆகவே "மின்னேரியாதான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்காமல், "இன்று யானை எங்கே நிற்கிறது?" என்று ஹபரணையில் ஜீப் ஓட்டுநரைக் கேளுங்கள். அக்டோபர் மழை வந்துவிட்டால் காடெங்கும் தண்ணீர் கிடைக்கும், கூட்டம் கலைந்துவிடும்.

சிறுத்தை பார்க்க யால தேசியப் பூங்காவுக்குப் போக நினைத்தால் கவனம். வறட்சி காரணமாக அங்கே அதிகம் பேர் போகும் முதலாம் பிரிவைப் பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள். அறைக்குப் பணம் கட்டும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மூடியிருந்தால் யானைக்கு உடவலவை, சிறுத்தைக்கு வில்பத்து இருக்கின்றன.

சிகிரியா, அநுராதபுரம், பொலன்னறுவை?

செப்டம்பரில் மழை குறைவு, வெயில் கடுமை. சிகிரியாப் பாறையில் ஏறத்தாழ 1,200 படிகள். பத்து மணிக்குமேல் ஏறினால் பெரியவர்கள் தவித்துப்போவார்கள், கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். அநுராதபுரத்தில் தாதுகோபங்களை (புத்தத் தூபிகளை) சுற்றி வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். மதியம் கல்தரை தகிக்கும். பிள்ளைகளுக்குத் தடித்த காலுறை ஒரு சோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைநாட்டுக்குப் போகலாமா?

மலைநாட்டுக்கும் இரண்டு முகங்கள். செப்டம்பரில் ஹட்டன், நுவரெலியா பக்கம் தூறலும் மூடுபனியும் இருக்கும்போது, மலைக்குக் கிழக்கேயுள்ள பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல பக்கம் காய்ந்திருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே வீசும் அந்த உலர்ந்த காற்றுதான் ஊவா தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கிறது. செப்டம்பரில் மலைநாட்டுக்கு இரண்டே நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் இந்த ஊர்கள் இருக்கும் ஊவா பக்கம் போங்கள்.

அக்டோபரில் இரண்டு பக்கமும் நனையும். அருவிகள் நிறைந்து விழும், பார்க்கக் கண் போதாது. ஆனால் பாறை வழுக்கும், மேலே பெய்த மழை கீழே திடீர் வெள்ளமாக வரும். எட்ட நின்று பாருங்கள், குளிக்க இறங்காதீர்கள். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளத்தைக் காலை ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டும், பிறகு மூடுபனி மறைத்துவிடும். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான். அதற்கு வெளியே வழியில் விளக்கும் கடையும் இருக்காது, குடும்பத்தோடு போக வேண்டாம்.

மண்சரிவு பயம் எவ்வளவு?

பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது. 2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மூடியது. இறந்தவர்கள் மலையகத் தமிழர்கள். நாட்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு நேர்ந்தது அது. நாம் ரசித்துக் கடந்துபோகும் அந்தச் சரிவுகளில் மக்கள் ஆண்டு முழுவதும் வாழ்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். பயணிக்கு நான் சொல்வது இன்னும் கண்டிப்பானது: செம்மஞ்சள் வந்துவிட்டாலே அந்த மாவட்டத்து மலைச்சாலைக்குப் போகாதீர்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை (பேரிடர் மேலாண்மை அலுவலகத்தை) 117 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அன்றாட வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது?

கைப்பேசியில் ஏழு நாளும் மழைப்படம் காட்டுகிறதே என்று பயணத்தை ரத்து செய்துவிடாதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் பெய்யும் மழைக்கும் அதே படம்தான். வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் அறிக்கை தருகிறது. அதில் மூன்றைப் பாருங்கள்.

முதலில் மாகாணம். மேல் மாகாணம் என்றால் கொழும்பு, மத்திய என்றால் கண்டி, நுவரெலியா, ஊவா என்றால் பதுளை, எல்ல. இரண்டாவது நேரம். "பிற்பகல் 1 மணிக்குப் பின்" என்று இருந்தால் காலை உங்களுடையது. மூன்றாவது அளவு. 50 மில்லிமீட்டர் என்றால் அந்த மாலை அறையில் இருக்க வேண்டும். 100ஐத் தாண்டும் என்றால் மலைப்பயணத்தை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள்.

என்ன எடுத்துப் போவது?

குடையோடு ஒரு மழைச்சட்டை. காற்றடிக்கும் இடத்தில் குடை நிற்காது. பிடிமானமுள்ள செருப்பு. கைப்பேசிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நீர் புகாத உறை. மலைநாட்டுக்கு ஒரு ஸ்வெட்டர். சிங்கராஜா போன்ற மழைக்காட்டுக்குப் போனால் அட்டை ஏறாத நீள் காலுறை.

கொசு விரட்டிக் களிம்பு கட்டாயம். இலங்கையை மலேரியா இல்லாத நாடு என உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. ஆனால் டெங்கு உண்டு, மழை தொடங்கினால் கூடும். அந்தக் கொசு பகலில் கடிக்கும். ஆகவே காலையில் கிளம்பும்போதே தடவுங்கள்.

இடி இடிக்கும்போது கடற்கரை, வயல்வெளி, மலையுச்சியில் நிற்காதீர்கள். ஏப்ரலைப் போலவே அக்டோபர், நவம்பரும் அங்கே மின்னல் மிகுந்த மாதங்கள். ஒற்றை மரத்தடியைவிட வண்டிக்குள் இருப்பது மேல்.

சரி, எப்படித் திட்டம் போடுவது?

செப்டம்பர் கடைசி வாரமும் ஏழு நாளும் இருந்தால்: கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி நேரே ஹபரணை, இரண்டு இரவு. அங்கிருந்து சிகிரியா, மாலையில் யானைகள். பிறகு திருகோணமலையில் இரண்டு இரவு. திரும்பும் வழியில் கண்டியில் இரண்டு இரவு தங்கிவிட்டு விமான நிலையம். கண்டி அந்த வாரத்தில் நனைந்தாலும், தலதா மாளிகையும் (புத்தரின் பல் வைக்கப்பட்டுள்ள கோயில்) கடைவீதியும் மழையிலும் பார்க்கக்கூடியவை.

அக்டோபர் நடுவாரம் என்றால்: கடல் குளியலில் ஆசை வைக்காதீர்கள். ஊர்களைக் குறையுங்கள், ஒவ்வொரு ஊரிலும் ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள். ஒரு நாள் மழையில் போனாலும் மறுநாள் காலை கையில் இருக்கும். ஊர் விட்டு ஊர் போகும் பயணத்தைக் காலையிலேயே தொடங்குங்கள். கடைசி இரவைக் கொழும்புக்கோ நீர்கொழும்புக்கோ ஒதுக்குங்கள். மலையிலிருந்து நேரே விமானத்தைப் பிடிக்கத் திட்டமிட்டால், ஒரு மரம் சாலையில் விழுந்தாலும் விமானம் போய்விடும்.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, பௌர்ணமி. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்னும் அரசு விடுமுறை. சாலைகளிலும் ரயில்களிலும் கூட்டம் கூடும், மதுக்கடை திறக்காது. இரண்டு, ரத்து விதி. ஒரு நாள் முன்பு வரை பணம் திருப்பித் தரும் அறைகளையே எடுங்கள், சில நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. மழை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டால் மறுபக்கம் வண்டியைத் திருப்ப அந்தச் சில நூறு ரூபாய்தான் உங்களுக்கு வழி விடும்.